போன வருடத்துத் தீர்மானங்கள்

சென்ற ஆண்டு ஜனவரி முதல் தேதி, பழைய கணித நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஆறு தீர்மானங்களை எழுதி வைத்தேன். மூன்று உடம்புக்கும் குடும்பத்துக்கும், மூன்று என் கார்டுகளுக்கு. டிசம்பர் கடைசி ஞாயிறன்று அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியே பழகிய கை அல்லவா? சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன்.

கார்டு என்றதும் சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சேர்ப்பது பட அட்டைகள். ஒரு பக்கம் படம், மறு பக்கம் நாலு வரி எழுதித் தபாலில் போடுவோமே, அவைதாம். சிறுவனாக இருந்தபோது பட்டணத்து டெலிபோன் கூண்டுகளின் அடியில் காசு தீர்ந்து கிடந்த டெலிபோன் கார்டுகளைப் பொறுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பழக்கம்தான் வளர்ந்து பட அட்டையில் வந்து நிற்கிறது. இப்போது என்னிடம் நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன. பெரும்பாலும் பழைய மலாயா: துறைமுகம், ரயில் நிலையம், கோயில் தேர், ரப்பர்த் தோட்டம்.

முதல் இரண்டு தீர்மானங்களை விரைவாக முடித்துவிடலாம். காலையில் அரை மணி நடப்பது என்பது சீனப் பெருநாள் வரை நடந்தது. தேநீரில் சீனி ஒரு கரண்டி மட்டும் என்பது வீட்டில் மட்டும் நடந்தது. ஒட்டுக்கடையில் நடந்ததை என் மனைவி இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

மூன்றாவது, மாதம் ஐம்பது வெள்ளிக்கு மேல் கார்டு வாங்குவதில்லை. மார்ச் மாதமே தவறினேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஞாயிறு சந்தையில் பழைய கடிகாரங்களுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கார்டுகள். அதில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் நிற்கிறார்கள். ஒரு பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. கீழே ஆங்கிலத்தில் 'தமிழ்க் கூலிகள் பால் வெட்டுதல்' என்று அச்சிட்டிருக்கிறது. பின்னால் பாயும் புலி போட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் தபால்தலை, 1911ஆம் ஆண்டு முத்திரை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தம் தங்கைக்கு எழுதியிருக்கிறார். காய்ச்சல் குறைந்தது, மழை விடவில்லை, அவ்வளவுதான். படத்தில் நிற்பவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நூற்றெண்பது வெள்ளி. பேரம் பேசி நூற்றைம்பதுக்கு வாங்கினேன். "என்னாங்க, கேஸ் தோங்குக்கும் பிள்ளையோட பஸ்ஸுக்கும் வெச்ச காசு எங்க?" என்று மனைவி கேட்டபோது கார்டைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குச் சட்டையே இல்ல," என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு காசைப் பற்றி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்.

நான்காவது, கார்டுகளை ஒழுங்காகப் பாதுகாப்பது. இது ஒன்றில்தான் முழு மதிப்பெண். உங்கள் வீட்டிலும் பழைய கல்யாணப் படங்கள் இருக்கும், ஆகவே சொல்லி வைக்கிறேன். மலிவான, வாடையடிக்கும் பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் அவை நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் போய்விடும். ஆல்பத்தைச் சுவரோடு ஒட்டிய அலமாரியின் அடித்தட்டிலும் வைக்கக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல சாப்பாட்டு மேசை கிடையாது. எனக்கு ஒரு முழு வரிசை அப்படித்தான் போயிற்று.

ஐந்தாவது தீர்மானம், தோட்டப் படங்களைப் பெரியவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதி வைப்பது. பன்னிரண்டு பேரைப் பார்ப்பதாகக் கணக்கு. பார்த்தது நால்வரைத்தான். இரண்டு பேர் நான் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டிருந்தபோதே காலமாகிவிட்டார்கள். அந்த இடத்தில் சிவப்பு மையில் என்ன போடுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன்.

பார்த்த நால்வரில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோல சிலாங்கூர்ப் பக்கம் முப்பத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களை இடித்த பிறகு மகன் வீட்டில் இருக்கிறார். அந்த நூற்றைம்பது வெள்ளிக் கார்டைக் கையில் கொடுத்தேன். முகங்களைப் பார்த்துக் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தது மரத்தை.

"வாத்தியாரே, இது பொய்ப் படம்," என்றார்.

"ஏன் பாட்டி?"

"நெழலப் பாரு. எவ்வளவு குட்டையா விழுந்திருக்கு! வெயில் உச்சிக்கு வந்தாச்சு. இந்நேரத்துக்கு யாரு மரம் வெட்டுவா? பால் எறங்காதே. விடியக்காலையில வெட்டி, இந்நேரம் பால எடுத்து ஸ்டோர்ல ஊத்தியிருப்போம். படம் புடிக்கிறதுக்காகத் திரும்பக் கூட்டியாந்து நிக்க வெச்சிருக்கான். பாவம், பசியாறினாங்களோ என்னமோ."

எத்தனை முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த கார்டு அது! எனக்கு அந்த நிழல் கண்ணில் படவே இல்லை. காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அக்காலத்துக் கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மரத்துக்கோ வெளிச்சம் ஆகாது. ஆகவே வேலை முடிந்தவர்களை நிற்க வைத்திருக்கிறார்கள்.

பட்டையில் இருந்த கோடுகளையும் பாட்டி விடவில்லை. நடுவில் ஒரு நேர்கோடு, இரு பக்கமும் மீன்முள் மாதிரிச் சாய்கோடுகள். "நாங்க இப்படி வெட்டுனதே இல்ல. மரத்துக்குச் சுத்தி பாதிதான் வெட்டுவோம்," என்றார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888 முதல் 1911 வரை தலைவராக இருந்த ரிட்லி துரையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய முறை அது. ஒரு ரப்பர்த் தோட்டப் படம் எந்தக் காலத்தது என்று அந்தக் கோடுகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பாட்டி சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கார்டின் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். அந்த எட்டுப் பேரின் பெயர் மட்டும் பாட்டிக்கும் தெரியாது.

ஆறாவது தீர்மானத்தை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியது. 'அண்ணனுக்கு எழுதுவது.' முந்தின மூன்று வருடத்து நோட்டுகளிலும் இதே வரி இருக்கிறது.

என் முதல் பட அட்டை அண்ணன் அனுப்பியதுதான். 1991இல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் மெர்லயன் சிலைப் படம் ஒன்றை வாங்கி எனக்குப் போட்டார். 'தம்பிக்கு, நலம். இந்தச் சிங்கம் நாள் முழுக்கத் தண்ணீர் துப்புகிறது. அம்மாவிடம் பணம் அனுப்பியிருக்கிறேன். பரீட்சைக்குப் படி.' 1972இல் ஆற்று முகத்தில் வைத்த அந்தச் சிலையைப் பின்னர் கட்டிய பாலம் மறைத்துவிட்டதால் 2002இல் இடம் மாற்றிவிட்டார்கள். என் கார்டில் அது பழைய இடத்திலேயே நிற்கிறது. அண்ணன் அனுப்பிய பணத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன்.

அப்பா இறந்தபின் அவருடைய சேமநிதிப் பணம் என் பெயருக்கு வந்தது. அதை என் வீட்டு முன்பணத்துக்குக் கட்டிவிட்டேன். அண்ணன் பங்கு கேட்கவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா," என்றார். நான் சட்டம் பேசினேன். அதிலிருந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையசைப்போம், அதோடு சரி.

ஆகஸ்டு மாதம் பள்ளியில் பிள்ளைகளைக் கார்டு எழுத வைத்தேன். எங்கள் பள்ளி சின்னது. மேல் வகுப்புகள் மூன்றையும் சேர்த்தாலே பதினொரு பேர்தாம். வரைதாளை அளவாக வெட்டி, படம் வரைந்து, தபால்தலை ஒட்டப் பழக்கினேன். 1869 அக்டோபர் முதல் தேதி ஆஸ்திரியாவில்தான் தபால் அட்டை முதன்முதல் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "மூடாம போட்டா தபால்காரரு படிச்சிட மாட்டாரா ஐயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. முதன்முதல் தபால் அட்டையைப் பார்த்தவர்களும் இதையேதான் கேட்டார்களாம். இன்னொருவன் தன் பாட்டிக்கு எழுதினான்: 'பாட்டி, கார்டு வந்ததும் போன் பண்ணு.'

எல்லாரும் எழுதி முடித்ததும் ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். "ஐயா, நீங்க யாருக்கு எழுதுறீங்க?"

என் முன்னால் வெள்ளைத் தாள் இருந்தது. வீட்டில் முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் நானூறு இருக்கின்றன. "எங்க அண்ணனுக்கு," என்றேன். சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியுமா? பிள்ளை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் படம் வரைய வராது. தண்ணீர் துப்பும் சிங்கம் ஒன்றைப் பூனை மாதிரி வரைந்தேன். பின்னால், 'அண்ணனுக்கு, நலம். நான் கேட்டிருக்க வேண்டும். தம்பி,' என்று எழுதி, ஜொகூர் முகவரி போட்டு, பிள்ளைகளின் கார்டுகளோடு பெட்டியில் போட்டேன்.

பிள்ளைகளின் கார்டுகள் எல்லாம் பத்து நாளில் போய்ச் சேர்ந்துவிட்டன. தினமும் வந்து கணக்குச் சொன்னார்கள். என்னிடமும் கேட்டார்கள். செப்டம்பர் போயிற்று. அக்டோபரில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம் வீட்டுத் தபால் பெட்டியில் தண்ணீர்க் கட்டணச் சீட்டோடு ஒரு கார்டு கிடந்தது. ஜொகூர் பாரு அபுபக்கார் பள்ளிவாசல் படம். பின்னால் அதே கையெழுத்து, முன்னைவிடக் கொஞ்சம் நடுக்கம்.

'கார்டு கிடைத்தது. எங்கெங்கோ சுற்றிப் போன வாரம்தான் வந்தது. போஸ்கோட் தப்பு. வாத்தியார் வேலை பார்க்கிறாய், பார்த்து எழுது. சிங்கம் பூனை மாதிரி இருக்கிறது.' அடியில் சரியான போஸ்கோட்டை எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கையில் மனைவி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இதையும் ஆல்பத்துல வெச்சிடுவீங்களா?"

இன்னும் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். பதில் எழுதும்போது போஸ்கோட்டைப் பார்த்து எழுத வேண்டும்.