பாட்டு எப்படியும் வரும்

இந்த செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது வோகோடர். மனுஷக் குரலோட அசைவை எடுத்து இன்னொரு சத்தத்து மேல ஏத்தி, ஒரு சிந்தசைசரைப் பேச வைக்கிற சமாச்சாரம். ரிப்போர்ட்ல இதோட வரலாறு ரெண்டு பக்கமாவது வேணும்னு சொல்லிட்டாங்க. தேடப் போன இடத்துல சோனோவாக்ஸ்னு ஒரு பழைய கருவி கிடைச்சது. அதைப் பிடிச்சுக்கிட்டே போனா, கடைசியில பிரிட்டிஷ் வானொலியோட சனிக்கிழமைக் காலைகளில் போய் உட்கார்ந்துட்டேன். ப்ராஜெக்ட் இன்னும் முடியலை.

முதல்ல சோனோவாக்ஸை சொல்லிடறேன், உங்களுக்குப் பிடிக்கும். ரெண்டு சின்ன ஸ்பீக்கரைத் தொண்டையின் ரெண்டு பக்கமும் அழுத்தி வெச்சுக்கணும். அதுக்குள்ள பியானோ சத்தம் ஓடும். நீங்க குரல் கொடுக்கக் கூடாது, வாயை மட்டும் பேசற மாதிரி அசைக்கணும். தொண்டைக்குள்ள போன பியானோ சத்தம் நாக்கு, உதடு அசையறதுக்கு ஏத்த மாதிரி வார்த்தையா வெளிய வரும். சர்க்யூட்ல ஃபில்டர் போட்டு நாம செய்யற வேலையை, அங்க ஒருத்தரோட வாயே செய்யுது. 1940-களின் கடைசியில அமெரிக்காவுல இதை வெச்சு 'ஸ்பார்க்கியின் மாய பியானோ'ன்னு ஒரு கதை ரெக்கார்ட் வந்தது. பயிற்சி செய்யவே பிடிக்காத ஒரு பையன், அவன்கிட்ட பேசற ஒரு பியானோ.

ரெக்கார்ட் அமெரிக்காவோடது. ஆனா அதைப் பத்தி உருகறவங்கள்ல நிறைய பேர் பிரிட்டன்காரங்க, இன்னிக்கு அறுபது எழுபது வயசைத் தாண்டினவங்க. இத்தனைக்கும் அவங்கள்ல பலர் வீட்டுல அந்த ரெக்கார்டே கிடையாது. அவங்க அதைக் கேட்டது ரேடியோவுல, குழந்தைகளோட நேயர் விருப்பத்துல.

பிபிசியின் லைட் ப்ரோகிராம் அலைவரிசையில 1950-களின் தொடக்கத்துல அது ஆரம்பிச்சது. 1954-ல 'சில்ட்ரன்ஸ் ஃபேவரிட்ஸ்'னு பேர் மாறினப்போ நடத்த வந்தவர் டெரெக் மெக்கல்லக். குழந்தைகளுக்கு அவர் 'அங்கிள் மேக்', அதாவது மேக் மாமா. முதல் உலகப் போர்ல ஒரு கண்ணை இழந்தவர். 1938-ல ஒரு சாலை விபத்துல ஒரு காலும் போச்சு. கேட்டுக்கிட்டிருந்த குழந்தைகளுக்கு இது எதுவும் தெரிஞ்சிருக்காது. 'எங்கெங்கும் இருக்கிற குழந்தைகளே, வணக்கம்'னு நிதானமா ஆரம்பிக்கிற ஒரு குரல், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஒரு ரயில் ஓடற மாதிரி துள்ளலா 'பஃபின் பில்லி'ன்னு ஒரு இசை வரும். எட்வர்ட் வைட் போட்டது.

1967 செப்டம்பர் 30-ஆம் தேதி பிபிசி ரேடியோ 1 தொடங்கினப்போ நிகழ்ச்சி 'ஜூனியர் சாய்ஸ்' ஆச்சு. ரேடியோ 1, ரேடியோ 2 ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒலிபரப்பு. முதல்ல லெஸ்லி க்ரவ்தர் நடத்தினார். 1968-ல எட் ஸ்டூவர்ட் வந்தார், பத்து வருஷத்துக்கும் மேல அவரோட ராஜ்ஜியம்தான். 1982-ல நிகழ்ச்சியை நிறுத்திட்டாங்க.

சரி, அப்படி என்னதான் போட்டாங்க? இங்கதான் எனக்கு ஆச்சரியம். சிரிச்சுக்கிட்டே பாடற போலீஸ்காரரைப் பத்தின சார்லஸ் பென்ரோஸ் பாட்டு 1920-கள்ல பதிவானது. 1960-கள்ல ஏழு வயசுக் குழந்தை அதைக் கேட்டு எழுதுது, பாடினவர் 1952-லயே போய்ச் சேர்ந்துட்டார். ஹென்றி ஹால் குழுவோட கரடி பொம்மைகளின் பிக்னிக் பாட்டு 1932. மேண்டி மில்லர்னு ஒரு சின்னப் பொண்ணு 1956-ல பாடின 'நெல்லி தி எலிஃபன்ட்'. பெர்னார்ட் கிரிப்பின்ஸ் 1962-ல பாடின, ஏதோ ஒரு பொருளை நகர்த்தத் தெரியாம டீ குடிச்சுக்கிட்டே இருக்கிற தொழிலாளிகளோட பாட்டு. அதைத் தயாரிச்சவர் ஜார்ஜ் மார்ட்டின். அதே வருஷம்தான் பீட்டில்ஸும் அவர்கிட்ட வந்தாங்க.

நெல்லி யானைக்கு ஒரு கிளைக்கதை இருக்கு. நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட வைக்கிற முதலுதவியில, நிமிஷத்துக்கு நூறு தடவைங்கிற வேகம் தவறாம இருக்க அந்தப் பாட்டை மனசுல பாடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் 2009-ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. வேகம் சரியா வருது, ஆனா அழுத்தற ஆழம் போதலை, அதனால இந்தப் பாட்டு வேண்டாம்னு முடிவு. ஒரு குழந்தைப் பாட்டு எங்கெல்லாம் போய் மாட்டுது பாருங்க.

திரும்ப விஷயத்துக்கு வரேன். வாரா வாரம் இதே பாட்டுகள்தான் சுத்திச் சுத்தி வந்தது. ஏன்னு யோசிச்சா நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்தான். ஏழு வயசுக் குழந்தைக்கு எத்தனை ரெக்கார்ட் தெரியும்? போன வாரம் ரேடியோவுல கேட்டது தெரியும். அதையே கேட்டு எழுதும். அதையே போடுவாங்க. அதைக் கேட்ட இன்னொரு குழந்தை அதையே எழுதும். அவுட்புட் அப்படியே இன்புட்டுக்குப் போகுது. சுத்தமான பாசிட்டிவ் ஃபீட்பேக். "எங்க காலத்துல நாங்களே தேர்ந்தெடுத்தோம், இப்ப அல்காரிதம் தேர்ந்தெடுக்குது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அப்பவும் லூப் இருந்தது, அஞ்சல் வழியா ஓடிச்சு.

அந்தக் காலத்து பிபிசி நினைச்ச நேரமெல்லாம் ரெக்கார்ட் போடவும் முடியாது. ரெக்கார்ட் கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தப்படி ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான்னு கணக்கு. 'நீடில் டைம்'னு பேர், ஊசி நேரம். ரேடியோவில நேரா வாசிக்கிற இசைக்கலைஞர்களோட பிழைப்பு போயிடக் கூடாதுன்னு அவங்க சங்கமும் அதுல உறுதியா நின்னது. அதனால சனிக்கிழமை காலையில குழந்தைகளுக்குன்னே ரெக்கார்டா சுத்தற நேரம் ஒரு சின்ன விருந்து.

இப்ப எனக்குப் புரியாம இருந்த கேள்வி. எப்படியும் நெல்லி யானை வரப் போகுது. இந்த வாரம் இல்லைன்னா அடுத்த வாரம். அப்புறம் எதுக்கு ஒரு குழந்தை கார்டு எடுத்து, எழுத்துக் கூட்டி எழுதி, தபால்தலை ஒட்டிப் போடணும்?

பேருக்குத்தான்.

பாட்டுக்கு முன்னாடி படிக்கிற அந்த ரெண்டு வரி. இந்த ஊர்ல இருக்கிற இன்னாருக்கு நாளைக்கு ஆறு வயசு. இன்னார் ஆஸ்பத்திரியில இருக்கார், வார்டுல எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பாட்டு. தாத்தா பாட்டிக்கு அன்புடன் இன்னார். அந்த ரெண்டு வரிக்குள்ள தன் பேர் வந்துட்டா, அதே சமயத்துல நாடு பூரா இருக்கிற அடுப்படிகள்ல அது கேட்குதுன்னு அந்தக் குழந்தைக்குத் தெரியும். ரெக்கார்ட் பண்ணி வெச்சுத் திரும்பக் கேட்கப் பெரும்பாலான வீடுகள்ல வசதி கிடையாது. பல் தேய்க்கப் போன நேரத்துல பேர் வந்துட்டா, வந்தது வந்ததுதான்.

நம்ம பேரை மைக்ல சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எனக்குக் கடைசியா அது நடந்தது, ஃபீஸ் பாக்கி லிஸ்ட் படிச்சப்போ.

ஆனா இதுல வலிக்கிற பக்கம் ஒண்ணு இருக்கு, ஏக்கத்தோட பேசறவங்க அதை மெதுவாத்தான் சொல்வாங்க. ஒரு நிகழ்ச்சியில போட முடியற பாட்டுகளே கொஞ்சம்தான். கார்டு போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க பேர் வரவே இல்லை. வாரா வாரம் ரேடியோ பக்கத்துல மூச்சுப் பிடிச்சு உட்கார்ந்து, தான் கேட்ட அதே பாட்டு வேற யாரோ ஒரு குழந்தையோட பேர்ல வர்றதைக் கேட்டிருப்பாங்க. பாட்டு கிடைச்சிடும், பேர் கிடைக்காது. இன்னிக்கு எனக்கு எந்தப் பாட்டும் மூணு செகண்ட்ல கிடைக்குது. யாருக்கும் எழுதிப் போட வேண்டியதில்லை, யாரும் என் பேரை விட்டுட்டும் போக முடியாது. ஆனா நான் ஹெட்ஃபோன்ல கேட்கிற பாட்டை அந்த நிமிஷத்துல வேற யார் கேட்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தக் காத்திருப்பு வேணுமா, இந்த வசதி வேணுமான்னு கேட்டா, நேர்மையா சொல்றேன், வசதிதான் வேணும். இருந்தாலும் பொறாமையா இருக்கு.

2007-ல, ரேடியோ 2-க்கு நாற்பது வயசானப்போ, கிறிஸ்துமஸ் காலையில 'ஜூனியர் சாய்ஸ்' நிகழ்ச்சியை ஒரு தடவை திரும்பக் கொண்டு வந்தாங்க. அதே எட் ஸ்டூவர்ட். வரவேற்பு எப்படின்னா, அதுக்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வர வேண்டியதாப் போச்சு. எழுதினவங்கள்ல பலர் அப்பவே பேரன் பேத்தி எடுத்தவங்க. கேட்டது அதே யானை, அதே போலீஸ்காரர், அதே பேசும் பியானோ. எல்லாம் போன்லயே இருக்கு, தட்டினா வரும். ஆனாலும் எழுதினாங்க, வயசான அந்தக் குரல் இந்தத் தடவையாவது தங்க பேரைப் படிக்குதான்னு பார்க்க.

2015 கிறிஸ்துமஸுக்கும் அவர் நடத்தினார். பதினஞ்சு நாள் கழிச்சு, 2016 ஜனவரி 9-ஆம் தேதி, 74 வயசுல இறந்துட்டார். அந்த வருஷக் கடைசியில, கிறிஸ்துமஸ் காலையில அனேகா ரைஸ் மைக் முன்னாடி உட்கார்ந்து கார்டுகளைப் படிச்சாங்க. பாட்டுகள் மாறலை.