ஷிஃப்டை அஞ்சு தடவை தட்டினா என்ன ஆகும்?

எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில எட்டு கம்ப்யூட்டர் இருக்கு. ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்புக்கும் அதுதான். ஒரு பொட்டிக்கு மூணு பேர்னு இடிச்சுக்கிட்டு உட்காருவாங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் இருக்கேன். ஊர்ல யார் வீட்டு லேப்டாப் மக்கர் பண்ணினாலும் கூப்பிடற ஆளும் நான்தான். போன மாசம் டீச்சர் போன் பண்ணினாங்க. "அண்ணா, மூணு கீபோர்டு செத்துப்போச்சுங்க. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்துடறீங்களா?"

மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். கீபோர்டு ஒண்ணும் சாகலை. எழுத்தை லேசா தட்டினா வரலை. ஒரு நொடி அழுத்திப் பிடிச்சா வந்தது. அது பழுது இல்லைங்க, ஃபில்டர் கீஸ்னு விண்டோஸ்ல இருக்கற ஒரு வசதி. கை நடுக்கம் உள்ளவங்க விரல் தெரியாம பட்டா அதை எழுத்தா எடுத்துக்காம விடறதுக்கு வெச்சது. வலது பக்க ஷிஃப்டை எட்டு நொடி விடாம அழுத்தினா அது கிளம்பும். ஒரு பையன் அது மேல கையை ஊணிக்கிட்டு பக்கத்துல கதை பேசினாலே போதும். நடுவுல ஒரு கேள்விப் பெட்டி வரும். என்ன கேக்குதுன்னு படிக்காமலே எண்டர் தட்டிருவாங்க. அணைக்காம எந்திரிச்சுப் போனா, அடுத்து வர்ற வகுப்புக்கு கீபோர்டு 'செத்திருக்கும்'.

இதுக்குக் கூடப் பொறந்தது ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்டை அஞ்சு தடவை தட்டினா வரும். அப்புறம் ஷிஃப்ட், கண்ட்ரோல் மாதிரி சாவிகளை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு தட்டு தட்டி விட்டா அடுத்த எழுத்து வர்ற வரைக்கும் அதுவே பிடிச்சுக்கிட்டு நிக்கும். மூணாவது டாகிள் கீஸ். நம் லாக்கை அஞ்சு நொடி பிடிச்சா வரும். கேப்ஸ் லாக் தட்டறப்பெல்லாம் சத்தம் போடும். பசங்களுக்கு இதெல்லாம் விளையாட்டு. எட்டு பொட்டியும் மாத்தி மாத்திக் கத்தினா டீச்சர் பாடம் எப்படி நடத்துவாங்க?

"எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்து விட்டுருங்கண்ணா"ன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பில்லை. ஆனா ஏழாவது படிக்கற ஒரு பொண்ணு எந்திரிச்சு நின்னுது. அதுக்கு இடது கை தூக்க வராது. வலது கையிலயும் விரலை விரிக்க முடியாது. "மாமா, அதை எடுத்துட்டா நான் எப்படிங்க ஈமெயில்ல 'அட்' போடறது?"

ஷிஃப்டையும் ரெண்டையும் ஒண்ணா அழுத்தணுமே. அந்தப் பிள்ளை யார்கிட்டயும் கேக்காம, அஞ்சு தட்டு வித்தையைத் தானே கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. பக்கத்துல இருக்கறவன் ரெண்டு சாவியை ஒண்ணா அழுத்தினா அது தானா அணைஞ்சுரும். மறுபடி அஞ்சு தட்டு. அந்தச் சத்தத்துக்குத்தான் அதுவும் மத்தவங்களோட சேர்ந்து திட்டு வாங்கிட்டு இருந்திருக்கு.

இந்த வசதிகளை முதல்ல விண்டோஸுக்குன்னு செஞ்சு கொடுத்தது அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ட்ரேஸ் மையம். விண்டோஸ் 95 வந்ததுல இருந்து கூடவே வருது. குறுக்கு வழியைக் கீபோர்டுலயே வெச்சதுக்கும் காரணம் இருக்கு. ரெண்டு சாவியை ஒண்ணா அழுத்த முடியாதவங்க அந்த வசதியை எடுக்கறதுக்கே அடுத்தவங்க கையை எதிர்பார்க்கக் கூடாதில்லையா?

தோட்டத்துக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஆட்டோ சுவிட்சு இருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும். பைப்பு உடைஞ்சு வேலை நடக்கறப்ப ஆட்டோவை மட்டும்தான் நிறுத்துவோம். யாரும் மோட்டாரைக் கழட்டி வீசறதில்லை.

அதையேதான் இங்கயும் செஞ்சேன். விண்டோஸ் சாவியோட 'யு' தட்டினா அந்தப் பக்கம் திறக்கும். பத்துல அதுக்குப் பேர் ஈஸ் ஆஃப் ஆக்சஸ், பதினொண்ணுல ஆக்சஸிபிலிட்டி. அதுல கீபோர்டுன்னு இருக்கறதுக்குள்ள போனா ஸ்டிக்கி, ஃபில்டர், டாகிள் மூணும் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் 'ஷார்ட்கட்'டுன்னு இருக்கற ஒரு இடத்தை மட்டும் அணைச்சேன். வசதி அங்கேயே இருக்கு. தெரியாம கிளம்பாது, அவ்வளவுதான்.

இந்த மாத்தம் எந்தக் கணக்குல நுழைஞ்சு செய்யறமோ அந்தக் கணக்கோட நிக்கும். அதனால பொதுக் கணக்குல குறுக்கு வழியை நிறுத்திட்டு, அந்தப் பொண்ணுக்குத் தனியா ஒரு கணக்கு போட்டேன். அதுல ஸ்டிக்கி கீஸ் எப்பவும் ஓடும். ரெண்டு சாவி ஒண்ணா பட்டா அணையற அமைப்பையும் எடுத்து விட்டாச்சு. எந்தப் பொட்டியில உட்கார்ந்தாலும் வேணும்னு எட்டுலயும் போட்டேன். ஒரு சாயங்காலம் ஆச்சு, காசு ஒண்ணும் ஆகலை. கீபோர்டு வாங்கற பேச்சும் அதோட முடிஞ்சது.

பள்ளிக்கூடத்துல இருக்கற வசதிகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்கும் எட்டணும்னு 2016-ம் வருஷத்துச் சட்டமே சொல்லுது. சாய்தளம் கட்டினா ஊருக்கே தெரியுது. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சாய்தளத்தை ஒருத்தர் தெரியாம இடிச்சாலும் யார் கண்ணுக்கும் படாது.

பட்டணத்துல இருந்து பழைய கம்ப்யூட்டரை ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்து உதவறவங்க நிறையப் பேர் இதைப் படிக்கறீங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த மூணு ஷார்ட்கட்டையும் அணைச்சுக் கொடுங்க, டீச்சருக்குப் பெரிய உபகாரம். கூடவே, "இது தேவைப்படற பிள்ளை யாராச்சும் இருக்காங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. இருந்தா தனிக் கணக்கு போட்டுக் கொடுத்துட்டு வாங்க.