நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்

மைசூருக்குச் செல்வோர் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் கண்டு, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவர். நானும் பலமுறை அவ்வாறு திரும்பியவனே. சென்ற முறை, பிழைப்புக்காக அங்குக் குடியேறிய என் தங்கையின் இல்லத்தில் தங்க நேர்ந்ததால் வேறொரு மைசூரைக் கண்டேன்.

தசரா ஊர்வலம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சென்று பன்னிமண்டபத்தில் நிறைவுறும். ஒரு மாலை நானும் தங்கையின் கணவரும் அதைக் கடந்து புறவட்டச் சாலைப் பக்கம் நடந்தோம். “அந்தப் பக்கந்தான் மச்சான், மருந்து காய்ச்சின இடம்” என்று அவர் கைகாட்டினார். 2025 ஜூலையில் மும்பைக் காவல்துறையினர் வந்து, அங்கொரு கொட்டகையில் ஏறத்தாழ 187 கிலோ மெபட்ரோன் என்னும் போதைப்பொருளைக் கைப்பற்றினர். கஞ்சாவுக்கு நிலம் வேண்டும். இதற்கோ சில இரசாயனங்களும் பூட்டிய கொட்டகையும் போதும். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று நகரத்தில் யார் கேட்கிறார்கள்?

ஆனால் என் உறக்கத்தைக் கெடுத்தது அக்கொட்டகையன்று. தங்கை மகனின் கைக்குட்டை. அதில் பஞ்சர் ஒட்டும் பசையின் நெடி வீசியது.

அவனுக்கு வயது பதினான்கு. மாலை நான்கு மணிக்குத் தன் சாவியால் வீட்டைத் திறப்பான். பெற்றோர் திரும்ப ஏழு மணியாகும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம்; எதிலும் அவனுக்கு நெருங்கிய நண்பர் இல்லை. தண்ணீர்த் தொட்டியருகே கூடும் மூத்த பையன்கள் மட்டுமே அவனைச் சேர்த்துக்கொண்டனர். “அவங்கதான் மாமா என்னோட பேசுறாங்க” என்று அழுதான்.

வைட்டனரை முகர்ந்து பிள்ளைகள் கெடுவதைக் கண்டு, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து, 2012இல் மத்திய அரசு அதைப் புட்டியில் விற்கத் தடை விதித்தது. பசையோ சைக்கிள் கடையில் கிடைக்கிறது. அதன் ஆவி சில நொடிகளில் மூளையை எட்டும். இதயத் துடிப்பைக் குலைத்து முதல் முறையிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுதியாகக் காணப்பட்ட போதை இவ்வகை ஒன்றே. உதவி தேவைப்படும் சிறுவர் ஏறத்தாழ 4.6 இலட்சம் பேர்.

தந்தை கைப்பிரம்பை எடுத்தார். நான் தடுத்தேன், அடிபட்ட பிள்ளை மறுநாளும் அந்தத் தொட்டியடிக்குத்தானே போவான்? 14446 என்னும் இலவச உதவி எண்ணை அழைத்து, பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தங்கை தன் வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டாள், சம்பளம் குறைந்தது. அது தொடங்க ஒரு வாரம் இருந்ததால் என் பயணச்சீட்டை இரத்து செய்தேன்.

மறுநாள் நான்கு மணிக்குப் பள்ளி வாயிலில் நின்றேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேவராஜா மார்க்கெட் வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அங்கே, “பசிக்குது மாமா” என்றான். தோசைக் கடைக்குள் நுழைந்தோம்.