‘என்மேல நம்பிக்கை இல்லையா?’ - ஆணுறைக்குக் குறுக்கே நிற்கும் கேள்வி!

பாதுகாப்பான உறவு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும், ‘முன்பின் தெரியாதவரிடம் ஜாக்கிரதை’ என்பதோடு முடிந்துவிடும். வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு? தன்பாலீர்ப்பாளரான என் நண்பரிடம் பேசிய பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

அவரும் அவர் இணையரும் சென்னையில் மூன்று வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டு ஓனருக்கு அவர்கள் ‘ரூம்மேட்ஸ்.’

“ஆரம்பத்துல ஆணுறை கட்டாயம். ஆறு மாசத்துல அதுவா நின்னுபோச்சு. இப்போ திரும்ப எடுத்தா, ‘என்மேல சந்தேகமா?’ன்னு கேப்பான். இல்லன்னா, நான்தான் வேற யார்கூடவோ பழகுறேன்னு நினைப்பான். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்” என்றார். இருவரும் ஒருமுறைகூட பரிசோதனை செய்துகொண்டதில்லை.

ஆண் - பெண் தம்பதி என்றால், ‘இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்’ என்று ஒரு காரணம் சொல்லலாம். இவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆணுறையை எடுத்தாலே அது நோயைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

வெளியிலும் தடைகள் உண்டு. ஊரிலிருந்து வரும் அம்மா அலமாரியைத் திறந்துவிடுவாரோ என்ற பயம். டாக்டரிடம் போனால், ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்பதே முதல் கேள்வி. தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6-ல். ஆனால், அந்த அறையில் உண்மையைச் சொல்ல இன்றும் தைரியம் வேண்டியிருக்கிறது.

எச்.ஐ.வி., பல வருடங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் இருக்கலாம். இந்த உறவுக்கு முன்பே தொற்றியிருக்கலாம். அதனால் துரோகம் நடந்தால்தான் ஆபத்து என்றில்லை.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் பரிசோதனை மையத்தின் பெயரே ‘நம்பிக்கை மையம்’தான். பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். இருவரும் சேர்ந்தே போகலாம். மூன்று மாதங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை அவசியம். சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்களுக்கான பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. ஏ.ஆர்.டி. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் எச்.ஐ.வி. இன்னொருவருக்குப் பரவாது. தொற்று இல்லாதவருக்கும் ‘பிரெப்’ என்ற தடுப்பு மாத்திரை இருக்கிறது. டாக்டர் ஆலோசனையோடு எடுக்கலாம்.

பேச்சைத் தொடங்குவதுதான் கஷ்டம். ‘நீ செக் பண்ணிக்கோ’ என்பதற்குப் பதில், ‘நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாமா?’ என்று கேட்டுப் பாருங்களேன். முதலில் வேறு யாரிடமாவது பேசத் தோன்றினால், 1097-க்கு இலவசமாக அழைக்கலாம்.