வானமே கூரையான படமாளிகை

கைக்குழந்தையோடு படமாளிகைக்குப் போன தாய்மாருக்கு அந்தப் பாடு தெரியும். விளக்கு அணைந்ததும் பிள்ளை சிணுங்கத் தொடங்கும். முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பின்வரிசையிலிருந்து "உஸ்" என்று ஒரு சத்தம் வரும். கடைசியில் எல்லோரும் உள்ளே படம் பார்க்க, அவள் மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளி விறாந்தையில் உலாவிக்கொண்டிருப்பாள்.

சினிமா பார்ப்பது பற்றி நம் இல்லங்களில் ஒரே கருத்து இல்லை. வேண்டவே வேண்டாம் என்போரும் உண்டு. தெரிந்தெடுத்துப் பார்த்தால் பாதகமில்லை என்போரும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. மக்கள் கூடும் ஓர் இடத்தை அமைக்கும்போது தாயையும் பிள்ளையையும் முதியவரையும் யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா? இதுதான் நமது கேள்வி. அமெரிக்காவில் அப்படி நினைத்துப் பார்த்து அமைக்கப்பட்ட ஒரு வகைப் படமாளிகை இருந்தது. காரில் இருந்தபடியே படம் பார்க்கும் 'டிரைவ்-இன்' தியேட்டர்தான் அது. அது தோன்றி, வளர்ந்து, தேய்ந்த வரலாறு நமக்கும் ஒரு பாடம் சொல்கிறது.

அரண்மனையும் அழுகை அறையும்

1920களில் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் தியேட்டர்களை அரண்மனைகளைப் போலவே கட்டினார்கள். வெல்வெட் திரைச்சீலை, தொங்கும் சரவிளக்குகள், சீருடை அணிந்த பணியாளர்கள் என்று எல்லாமே ஆடம்பரம். நியூயோர்க் நகரில் 1927இல் திறக்கப்பட்ட றொக்ஸி தியேட்டரில் ஏறத்தாழ 6,000 ஆசனங்கள் இருந்தன. அங்கே போவதென்றால் நல்ல உடுப்பு உடுத்தித்தான் போகவேண்டும்.

இத்தகைய இடங்களில் பிள்ளை அழுதால் என்ன செய்வது? சில தியேட்டர்களில் அதற்கென்று கண்ணாடி அடைத்த ஒரு தனி அறையைப் பின்புறத்தில் வைத்தார்கள். 'அழுகை அறை' என்றே அதற்குப் பெயர். தாயும் பிள்ளையும் அங்கிருந்து கண்ணாடி வழியே படம் பார்க்கலாம். ஏதோ ஒரு வசதிதான். ஆனால் கணவன் ஒரு பக்கம், மூத்த பிள்ளைகள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். குடும்பமாக வந்த பயணம் தியேட்டர் வாசலோடு முடிந்துவிடும்.

ஒரு மகனின் யோசனை

நியூ ஜேர்சி மாநிலத்தில் றிவர்ட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்தவர் றிச்சட் ஹொலிங்ஸ்ஹெட். மோட்டார் வாகனங்களுக்கான பொருட்களை விற்கும் குடும்பத் தொழிலில் இருந்தவர். அவருடைய தாயாருக்குப் பருத்த உடம்பு. தியேட்டரின் ஒடுங்கிய ஆசனத்தில் அமர்வது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் மகனுக்கு இந்த யோசனை பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

அவர் செய்த பரிசோதனை எளிமையானது. தன் காரின் முன்மூடியின் மேல் ஒரு படக்கருவியை வைத்தார். முற்றத்து மரங்களில் ஒரு திரையைக் கட்டினார். திரைக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை வைத்து ஒலி எப்படிக் கேட்கிறது என்று பார்த்தார். மழை பெய்தால் என்னாகும் என்று அறிய, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திருப்பிவிட்டார். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே, அதற்கு என்ன வழி? முன்சக்கரங்களுக்குக் கீழே கட்டைகளை வைத்து உயர்த்திப் பார்த்தார். வரிசைக்கு வரிசை நிலத்தைச் சரிவாக அமைத்தால் எல்லோருக்கும் திரை தெரியும் என்று கண்டுகொண்டார். 1933 மே 16ஆம் திகதி அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அதே ஆண்டு ஜூன் 6ஆம் திகதி கெம்டன் நகருக்கு அருகில் முதலாவது டிரைவ்-இன் தியேட்டர் திறக்கப்பட்டது. காருக்கு 25 சதம், ஆளுக்கு 25 சதம். ஒரு கார் நிறைய ஆட்கள் வந்தாலும் மொத்தம் 1 டொலருக்கு மேல் இல்லை. பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் பரவாயில்லை, முழுக் குடும்பத்தோடும் வாருங்கள் என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம். தாய்மாரின் மனதை அறிந்த விளம்பரம் அது!

மஃரிபுக்குப் பின் தெரியும் படம்

கெம்டன் தியேட்டர் சில வருடங்களிலேயே மூடப்பட்டது. ஆனால் யோசனை பரவிவிட்டது. கெம்டனுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர், பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரிஃபீல்ட் என்ற ஊரில் விடுதி நடத்திய வில்சன் ஷாங்க்வைலர். 1934 ஏப்ரலில் தமது காணியில் இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு துணியைக் கட்டி அவரும் படம் காட்டத் தொடங்கினார். 1955இல் 'டயேன்' என்ற சூறாவளி அதன் திரையையும் படக்கருவி அறையையும் நாசமாக்கியது. மீண்டும் கட்டினார்கள். கைமாறிக் கைமாறி இன்றும் அது நடக்கிறது. அமெரிக்காவில் இன்றும் இயங்கும் டிரைவ்-இன் தியேட்டர்களில் மிகப் பழையது இதுதான்.

இங்கே படத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது சூரியன். வெளிச்சம் இருக்கும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. கோடையில் அந்தப் பக்கத்தில் சூரியன் மறைய இரவு எட்டரை மணியாகும். நமது கணக்கில் சொன்னால், மஃரிப் தொழுது முடித்து, செவ்வானம் கறுக்கும் வேளையில்தான் படம் தொடங்கும். அதுவரை பிள்ளைகள் புல்வெளியில் ஓடி விளையாடுவார்கள். பெரியவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிப்பார்கள்.

தொடக்க காலத்தில் திரையருகே வைத்த பெரிய ஒலிபெருக்கிகளால் அக்கம்பக்கத்தாருக்குத் தூக்கம் கெட்டது. 1941இல் கார்க் கண்ணாடியில் கொழுவும் சிறு ஒலிபெருக்கி வந்தது. இப்போது காரின் வானொலியிலேயே படத்தின் ஒலியைக் கேட்கலாம்.

தாய்மாரின் பொற்காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போர்வீரர்கள் வீடு திரும்பினார்கள், குடும்பங்கள் பெருகின, கார்களும் பெருகின. 1949இல் ஹொலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்ததும் யாரும் தடையின்றித் தியேட்டர் அமைக்கலாம் என்றானது. 1958 அளவில் நாட்டில் 4,000க்கும் அதிகமான டிரைவ்-இன் தியேட்டர்கள் இருந்தன.

வருமானத்தின் பெரும் பங்கு சிற்றுண்டிச்சாலையிலிருந்து வந்தது. குடும்பம் வந்தால்தான் சிற்றுண்டி விற்கும். தாய் சம்மதித்தால்தான் குடும்பம் வரும். இதை உணர்ந்த உரிமையாளர்கள் திரைக்குக் கீழே ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்தார்கள். பால்போத்தலைச் சூடாக்கிக் கொடுத்தார்கள். படம் முடிவதற்குள் துணி துவைத்துக் கொடுத்த இடங்களும் இருந்தன. பிள்ளைகளுக்கு இரவு உடுப்பை உடுத்தியே அழைத்து வருவார்கள். பின் ஆசனத்தில் உறங்கிவிட்டால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம். நியூயோர்க் மாநிலத்தின் கொபெய்க் என்ற ஊரில் 28 ஏக்கர் நிலத்தில் 2,500 கார்கள் நிற்கக்கூடிய ஒரு தியேட்டரே இருந்தது.

எல்லோருக்கும் இந்த வரவேற்பு கிடைத்ததா என்றால், இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை அனுமதிக்காத டிரைவ்-இன்களும், தனி வாசல், தனிப் பகுதி என்று ஒதுக்கிய டிரைவ்-இன்களும் இருந்தன. வானம் பொதுவானது, மனிதன் அதன் கீழும் வேலி போட்டான்.

தேய்ந்தது எப்படி?

வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றல்ல. நகரங்கள் விரிந்தபோது காணி விலை ஏறியது. பெரிய திடலில் படம் காட்டுவதைவிட அதைக் கடைத்தொகுதிக்கு விற்பது இலாபம். 1967 முதல் நாட்டின் பெரும்பகுதியில் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் முறை வந்தது. எட்டு மணிக்குத் தொடங்கிய படம் ஒன்பது மணிக்குப் போனது. மறுநாள் வேலைக்குப் போகும் தகப்பனும், பிள்ளையை நேரத்துக்கு உறங்கவைக்க நினைக்கும் தாயும் பின்வாங்கினார்கள். 1973இல் பெற்றோல் தட்டுப்பாடு. அதற்குப் பின் வீடுகளுக்கு வீடியோ கசெட் வந்தது.

கூட்டம் குறைந்தபோது சில உரிமையாளர்கள் எடுத்த முடிவுதான் வருந்தத்தக்கது. குடும்பத்தை மறந்து, மலிவான ஆபாசப் படங்களைப் போட்டார்கள். திரையோ வீதியிலிருந்தே தெரியும் அளவு பெரியது. ஃபுளோரிடா மாநிலத்தின் ஜெக்சன்வில் நகரசபை, வெளியிலிருந்து தெரியும் திரையில் நிர்வாணக் காட்சி காட்டக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975இல் அந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. உரிமையாளர்கள் சட்டத்தில் வென்றிருக்கலாம். ஆனால் பால்போத்தலோடு வந்த தாய் அப்படிப்பட்ட வாசலுக்கு மறுபடி வருவாளா?

மிஞ்சியவை

2013 அளவில் இன்னொரு சோதனை. படச்சுருள்கள் மறைந்து டிஜிட்டல் முறை வந்தது. புதிய கருவிக்கு ஒரு திரைக்கு 70,000 டொலர் அளவில் செலவு. அதைத் தாங்க முடியாமல் பல இடங்கள் மூடப்பட்டன. இன்று நாடு முழுவதிலும் ஏறத்தாழ 300தான் எஞ்சியுள்ளன. அவற்றில் அநேகமானவை குடும்பங்கள் நடத்துபவை. குடும்பங்களுக்காகப் படம் தெரிபவை.

2020இல் கொரோனா நோய் பரவி உள்ளரங்குகள் எல்லாம் அடைபட்டபோது, இந்தப் பழைய திடல்களை மக்கள் மீண்டும் தேடிப்போனார்கள். மாணவர்களின் பட்டமளிப்பு விழாக்கள்கூட அங்கே நடந்தன. குடும்பம் தன் காருக்குள், ஊர் முழுவதும் ஒரே திடலில். விலகியிருக்கவும் கூடியிருக்கவும் ஒரே நேரத்தில் முடிந்தது.

சகோதரிகளே! நமது ஊர்களிலும் மண்டபங்கள் எழுகின்றன. பாடசாலை மண்டபம், கல்யாண மண்டபம், பயான் நடக்கும் பள்ளிவாசல் மேல்மாடி. பெண்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கப்படும். ஆனால் பாலூட்ட மறைவான இடம் உண்டா, முழங்கால் வலிக்காரியான உம்மும்மா படியேறாமல் உள்ளே வர முடியுமா, பிள்ளை அழுதால் அதட்டாத ஆட்கள் இருப்பார்களா என்று வரைபடம் போடும் நாளிலேயே கேட்பவர் யார்? கட்டி முடிந்த பின் கேட்டால் கிடைப்பது ஓர் அழுகை அறைதான். நிர்வாகசபையில் இருக்கும் வாப்பாவிடமோ, கணவரிடமோ, சகோதரனிடமோ அத்திவாரம் போடுமுன் இவற்றைக் கேட்டுவையுங்கள்.