மீண்டும் அதே மணமக்கள்

விவாகத்தில் முடிகிற காதல் கதைகள் உலகத்தில் எண்ணிறந்து கிடக்கின்றன. ஆனால் விவாகம் நடந்து, கசந்து, நீதிமன்றத்தின் முத்திரையோடு அறுந்துபோன பிறகு, அறுத்துக்கொண்ட அந்த இருவரே ஒருவரையொருவர் மறுபடியும் தேடி வருவதை ஹாஸ்ய ரஸத்தோடு சொல்லும் கதைகள் மிகச் சில. அவற்றில் என் மனத்தை விட்டு அகலாதவை பெரும்பாலும் ஹாலிவுட்டில், 1930-களின் பிற்பாதியிலும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் எடுக்கப்பட்டவை. மற்றக் காதல் கதைகளில் நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் முழுதும் அறியாமலே வரிக்கிறார்கள்; அந்த அறியாமைக்குத்தான் நாம் மோகம் என்று பெயரிட்டு மகிழ்கிறோம். இந்தக் கதைகளிலோ, கோபத்தில் மற்றவர் எந்தச் சொல்லை எடுப்பார், பொய் சொல்லும்போது அவர் குரல் எப்படி மாறும், விருந்தினர் போன பிறகு முகம் எப்படி இருக்கும் என்பன யாவும் தெரிந்த இருவர், தெரிந்துகொண்டே மறுபடி கரம் பற்றுகிறார்கள். நம் பழங்கவிகள் ஊடலை மருதத்துக்கு உரிய பொருளாகவே வைத்துப் பாடினார்கள் என்பது மெய்தான். எனினும் அந்த ஊடலில் நீதிபதிக்கு இடமில்லை, வாயிலில் நிறுத்தப்பட்ட தலைவன் இன்றோ நாளையோ உள்ளே வருவான் என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். இங்கே அந்த உறுதி கிடையாது. உறவு உண்மையாகவே முடிந்துபோயிருக்கிறது.

லியோ மக்கேரி 1937-இல் எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற படத்தை இவ்வகையில் தலைசிறந்ததாக நான் மதிக்கிறேன். கணவன் ஜெர்ரி, ஃபுளோரிடாவுக்குப் போயிருந்ததாகப் பாசாங்கு செய்வதற்காகச் செயற்கை விளக்கொளியில் மேனியைக் கறுக்கவைத்துக்கொண்டு, மனைவிக்கென்று ஆரஞ்சுக் கூடையோடு வீடு திரும்புகிறான். பழத்தின் தோலிலோ கலிபோர்னியா என்று அச்சிட்டிருக்கிறது. மனைவி லூசியும் அன்றிரவு வீட்டில் இல்லை. கார் வழியில் பழுதாகிவிட்டதென்று சொல்லிக்கொண்டு, தன் சங்கீத ஆசிரியரோடு காலையில்தான் வந்து சேர்கிறாள். அவன் எங்கே போயிருந்தான், அவள் சொன்னது முழுதும் மெய்தானா என்பதைப் படம் கடைசிவரை நமக்கு நிச்சயமாகச் சொல்வதில்லை. சாதாரண எழுத்தாளனாக இருந்தால் முடிவில் ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தி, இருவரும் நிரபராதிகள் என்று நிரூபித்து, நம்மை வீட்டுக்கு அனுப்பியிருப்பான். மக்கேரியோ, குற்றமின்மை நிரூபணமானால்தான் நம்புவேன் என்று நிற்கும் தம்பதிகளுக்கு எந்த நிரூபணமும் போதாது என்பதை அறிந்தவராக, அந்த விசாரணையையே கைவிட்டுவிடுகிறார்.

விவாகரத்து உடனே இறுதியாகாமல் ஒரு தவணைக்குப் பிறகு நிறைவேறும் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. நாய்க்குட்டி மிஸ்டர் ஸ்மித் யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. நாய் லூசியிடம் போகிறது. அதைப் பார்க்க வரும் உரிமை ஜெர்ரிக்குக் கிடைக்கிறது. சட்டம் கொடுத்த அந்தச் சிறு உரிமையைப் பற்றிக்கொண்டு அவன் அவள் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அவளோ ஓக்லஹோமாவிலிருந்து வந்த எண்ணெய்ச் செல்வனான டான் லீசனை மணக்கச் சம்மதித்திருக்கிறாள்.

இந்தப் படத்தில் ஒரு காட்சியைக் குறித்து நான் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். லூசி அந்தச் சங்கீத ஆசிரியரோடு தனித்திருக்கிறாள் என்று சந்தேகித்து ஜெர்ரி ஆவேசத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறான். உள்ளே ஒரு சபையே அமர்ந்திருக்க, அவள் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருக்கிறாள். வெட்கித்துப்போய்ப் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் ஒடுங்கி உட்காருகிறான்; நாற்காலி சாய்கிறது, பக்கத்து மேசையையும் இழுத்துக்கொண்டு பெருத்த ஓசையோடு தரையில் விழுகிறான். அவள் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் கடைசி ஸ்வரத்தை எட்டும் தறுவாயில் அவளுக்குள் பொங்கிவந்த சிரிப்பு, சுருதி பிசகாமல் அந்த ஸ்வரத்தோடேயே கலந்து, பாட்டின் முத்தாய்ப்பாக ஒலிக்கிறது. விலக்கப்பட்ட கணவன் அவமானப்பட்டு விழுவதைக் கண்ட ஒரு பெண்ணின் சிரிப்பில் பழிதீர்த்த திருப்தி இருந்திருக்கலாம். இந்தச் சிரிப்பில் அது இல்லை. இத்தனை பேர் இருக்கும் சபையில் தன்னைச் சிரிக்க வைக்கக்கூடியவன் இவன் ஒருவனே என்ற கண்டுபிடிப்பு அதில் இருக்கிறது. அதை அவளுக்கு முன்பாகவே நாம் உணர்ந்துவிடுகிறோம். லூசியாக நடித்த ஐரீன் டன் பாட்டிலும் தேர்ந்தவர் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. பின்னால், ஜெர்ரி ஒரு பணக்காரக் குடும்பத்துப் பெண்ணை மணக்கவிருக்கும்போது, லூசி அவனுடைய தங்கை என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குள் புகுந்து, நாகரிகமற்ற ஒரு கேளிக்கை விடுதி நடனத்தை ஆடிக்காட்டுகிறாள். அப்போது அவன் முகத்தில் முதலில் திகைப்பும் பிறகு அடக்கமுடியாத ஆனந்தமும் தோன்றுகின்றன. அவள் அவனைக் கண்டு சிரித்ததுபோல் அவனும் அவளைக் கண்டு சிரித்தாகிவிட்டது. நள்ளிரவில் விவாகரத்து இறுதியாவதற்கு முன் அவர்கள் ஒன்றுசேர இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மக்கேரி எழுதிவைத்த வசனத்தைப் பெரிதாக நம்பாமல், படப்பிடிப்புத் தளத்திலேயே நடிகர்களோடு சேர்ந்து காட்சிகளை உருவாக்கியவர். அந்த முறை பிடிபடாமல் கலவரமடைந்த கேரி கிரான்ட், ஜெர்ரியாக நடித்தவர், படத்திலிருந்து தம்மை விடுவிக்கும்படி கேட்டார் என்பது வரலாறு. அதே 1937-இல் மக்கேரி இன்னொரு படமும் எடுத்தார்: 'மேக் வே ஃபார் டுமாரோ'. முதிய தம்பதிகள், வீட்டை இழந்து, ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் ஒதுங்க நேர்ந்து, முடிவில் ஒரு ரயில் நிலையத்தில் பிரிகிறார்கள். பிரிய விரும்பியவர்கள் சேர்ந்துவிட்ட கதையையும், பிரியவே விரும்பாதவர்கள் பிரிக்கப்பட்ட கதையையும் ஒரே மனம் ஒரே ஆண்டில் சிருஷ்டித்தது என்பதை எண்ணும்போது, முதற்படத்தின் சிரிப்புக்கு அடியில் எவ்வளவு துக்கம் தெரிந்த கை வேலை செய்திருக்கிறது என்பது விளங்குகிறது. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிசை முதற்படத்துக்குப் பெற்றபோது, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்ற கருத்தில் அவர் பேசினார். நான் இரண்டுக்குமே கொடுத்திருப்பேன்.

இக்கதைகள் அந்தக் காலத்தில் பெருகியதற்கு லௌகிகமான காரணங்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 1966-இல் சட்டம் திருத்தப்படும்வரை விபசாரம் ஒன்றே விவாகரத்துக்கு ஏற்கத்தக்க காரணமாக இருந்தது. நெவாடா மாநிலமோ 1931-இல், ஆறு வாரம் அங்கே தங்கியவர்களுக்கு விவாகரத்து வழங்க முன்வந்ததால், ரீனோ நகரத்துக்கு ரயிலேறுவது வசதி படைத்தவர்களிடையே வழக்கமாயிற்று. 1934-இல் ஜோசப் பிரீனின் பொறுப்பில் கடுமையாக அமலுக்கு வந்த திரைப்படத் தணிக்கை விதிகள், விவாகத்தின் புனிதத்துக்குக் குறைவு வரலாகாது என்று கட்டளையிட்டன. விவாகம் ஆகாத இருவரின் சிருங்காரத்தை வெளிப்படையாகக் காட்ட அஞ்சிய ஸ்டூடியோக்களுக்கு, முன்பே தம்பதிகளாக இருந்து, முடிவில் மீண்டும் தம்பதிகளாகப்போகும் இருவர் கிடைத்தது பெரிய சௌகரியமாயிற்று. ஆயினும் சௌகரியத்துக்காகப் பிறந்த வடிவம் தன்னைப் பெற்ற காரணத்தைத் தாண்டி வளர்ந்துவிடுவது கலையில் புதிதல்ல.

அந்த வளர்ச்சியை ஊன்றிக் கவனித்தவர் ஸ்டான்லி கேவல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். 1981-இல் அவர் வெளியிட்ட நூல், இவ்வகையில் ஏழு படங்களை எடுத்துக்கொண்டு, 'மறுமண ஹாஸ்யம்' என்ற பெயரில் ஓர் இனமாகவே அவற்றை ஆராய்கிறது. விவாகத்தின் சாரம் இருவருக்கிடையே நிகழும் சம்பாஷணையே என்ற கருத்தைக் கவி மில்டனிடமிருந்து எடுத்துக்கொள்கிறார் கேவல். மில்டனின் வாழ்க்கையையே இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1642-இல் அவர் மணந்த இளம் பெண் மேரி பவல், சில வாரங்களிலேயே பிறந்தகம் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டாள். மறு ஆண்டில் மில்டன், மனம் ஒவ்வாத விவாகத்தை முறிக்க உரிமை வேண்டும் என்று வாதாடிப் புகழ்பெற்ற ஒரு பிரசுரத்தை வெளியிட்டு, பலத்த கண்டனத்துக்கும் ஆளானார். 1645-இல் அவள் திரும்பி வந்தாள், அவர் ஏற்றுக்கொண்டார், 1652-இல் அவள் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்து நான்கு குழந்தைகளைப் பெற்றார்கள். பிரிவதற்கு உரிமை உண்டு என்று உலகறிய வாதாடிய ஒருவர் சேர்ந்து வாழ்ந்ததில் நான் முரண் எதையும் காணவில்லை. பிரியும் வழி அடைபட்ட வீட்டில், சேர்ந்திருப்பது ஒருவரின் சம்மதம் ஆகாது.

சம்பாஷணையே சாரம் என்பதற்கு ஹோவர்ட் ஹாக்ஸ் 1940-இல் எடுத்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தைக் காட்டிலும் பலமான சாட்சியம் வேண்டியதில்லை. மூலநாடகத்தில் நிருபர் ஹில்டி ஓர் ஆண்; அந்த நிருபரைப் பெண்ணாக்கி, பத்திரிகாசிரியர் வால்டரின் விலகிய மனைவியாகவும் ஆக்கியதுதான் ஹாக்ஸின் மேதைமை. சிறையிலிருந்து தப்பிய மரண தண்டனைக் கைதி மூடுபலகை வைத்த ஒரு மேசைக்குள் ஒளிந்திருக்க, ஹில்டி தட்டச்சில் செய்தியை அடித்துக்கொண்டிருக்க, வால்டர் தொலைபேசியில் முதற்பக்கத்தைக் கலைத்துக்கொண்டிருக்க, அவளை மணப்பதற்காக வந்த புரூஸ் தன்னை யாராவது பார்ப்பார்களா என்று நின்றுகொண்டிருக்கும் அந்த இடம்தான் படத்தின் உண்மையான காதற்காட்சி. வால்டர் கடைசிவரை திருந்துவதில்லை. பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு வரும்படி முன்னால் நடந்துபோகிறான். இது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் ஹில்டி தன் அறிவின் முழு வேகத்தோடும் இயங்குவது அந்த மனிதனின் அருகில்தான் என்பதை மறுக்க முடியவில்லை.

டான் லீசனாகவும் புரூஸாகவும் நடித்தவர் ரால்ஃப் பெல்லமி என்ற ஒருவரே. இரண்டு படங்களிலும் அவர் நல்லவர், நாணயமானவர், இரண்டிலும் தாயாரை உடன் அழைத்து வருகிறார். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. சிரிக்கும் சபையில் நானும் ஒருவனாக இருந்தாலும், வேறிருவர் தங்கள் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வதற்கு இந்த மனிதர் கருவியானார் என்ற வருத்தம் எனக்கு ஒவ்வொரு முறையும் உண்டாகிறது.

அதே 1940-இல் வெளியான 'தி பிலடெல்பியா ஸ்டோரி'யைப் பலரும் இவற்றுக்கெல்லாம் மேலாகக் கொண்டாடுவார்கள். காதரின் ஹெப்பர்னின் ஒளி பொருந்திய நடிப்பை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்தப் படத்தில் குடிகாரனாக இருந்த கணவன் டெக்ஸ்டர், பிற பெண்ணை நாடிய தந்தை என்று குற்றவாளிகள் இருவர் இருக்க, இரக்கமற்றவள், சிலை போன்றவள் என்று கண்டிக்கப்படுபவள் ஹெப்பர்ன் ஏற்ற நாயகி டிரேஸி ஒருத்தியே. தன் ஒழுக்கக்கேட்டுக்கு மகளின் அன்பின்மையைக் காரணம் காட்டும் அந்தத் தகப்பனின் பேச்சை நான் மன்னிக்கச் சித்தமாக இல்லை. லூசியும் ஜெர்ரியும் சரிசமமாகத் தடுக்கி விழுந்தார்கள். இங்கே ஒருத்தி மட்டும் மண்டியிட வைக்கப்படுகிறாள்.

இந்தப் படங்களின் தம்பதிகளுக்குக் குழந்தைகள் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. குழந்தை வந்தவுடன் கதையின் தர்மமே மாறிவிடுகிறது. எரிஹ் கேஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1949-இல் வெளியிட்ட சிறுவர் நாவலில், பெற்றோர் ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொண்ட இரட்டைச் சிறுமிகள் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறி, பெற்றோரைச் சேர்த்துவைக்கிறார்கள். டிஸ்னி நிறுவனம் அதை 1961-இல் 'தி பேரன்ட் டிராப்' என்று எடுத்தது, ஏ.வி.எம். நிறுவனம் 1965-இல் 'குழந்தையும் தெய்வமும்' என்று நமக்குத் தந்தது. குட்டி பத்மினியின் இரட்டை வேடத்தில் உருகாதவர் இல்லை. ஆயினும், பெற்றோரை இணைப்பது பிள்ளைகளின் சாமர்த்தியத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தை, அது கைகூடாத வீட்டுக் குழந்தைகளின் உள்ளத்தில் விதைத்துவிட்டால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. 1993-இல் வந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தில் விவாகரத்தான தாயும் தந்தையும் மறுபடி சேர்வதில்லை. அந்த முடிவுக்காக அதை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

நான்ஸி மேயர்ஸ் என்ற பெண் இயக்குநர் 1998-இல் 'தி பேரன்ட் டிராப்' கதையையே மறுபடி எடுத்துப் பெற்றோரைச் சேர்த்துவைத்தார். பதினோராண்டுக்குப் பிறகு 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' படத்தில், திரும்பி வந்த முன்னாள் கணவனோடு பேசிச் சிரித்து, அவன்பால் மீண்டும் மயங்கி, ஆனாலும் வேண்டாம் என்று தெளிந்து அனுப்பிவிடும் ஒரு மனைவியைப் படைத்தார். அந்த மறுப்பும் இவ்வகைக் கதைக்கு உரிய முடிவே என்பது என் துணிபு. நிஜ வாழ்க்கையில் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1964-இல் மணந்து, 1974-இல் பிரிந்து, 1975-இல் போட்ஸ்வானாவில் மறுபடி மணந்து, ஓராண்டுக்குள் மறுபடி பிரிந்தார்கள். 1983-இல், விலகிய தம்பதிகளைப் பற்றி நோயல் கவர்ட் எழுதிய 'பிரைவேட் லைவ்ஸ்' நாடகத்தில் நியூயார்க் மேடையில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். அந்த நாடகம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பர்ட்டன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

இத்தனையும் சொன்னது நம் குடும்பங்களில் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கப் புறப்படும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கும் பொருட்டே. லூசியையும் ஜெர்ரியையும், ஹில்டியையும் வால்டரையும் எந்தப் பெரியவரும் உபதேசம் செய்து சேர்த்துவைக்கவில்லை. அவர்கள் தாங்களே பேசினார்கள், சண்டையிட்டார்கள், சிரித்தார்கள். உங்கள் வீட்டுப் பெண் திரும்பி வந்திருந்தால், சமரசம் பேச ஆள் அனுப்புவதற்கு முன், அந்த மனிதனோடு அவள் எப்போதாவது மனம்விட்டுச் சிரித்ததுண்டா என்று அவளிடமே கேளுங்கள். இல்லை என்று அவள் சொன்னால், தயவுசெய்து அவளை மறுபடி அங்கே அனுப்பாதீர்கள்.