காலுக்கு இதமான தரை தேடி ஆத்தங்குடிக்கு...

சுவருக்கு அடித்த வண்ணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிவிடலாம். ஜன்னல் திரையை நினைத்தபோது மாற்றலாம். தரையை அப்படி மாற்ற முடியுமா? போட்டால் போட்டதுதான். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவதிலிருந்து, இரவு அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போகிற வரை அதன் மேல் அதிகம் நடப்பது யார்? பெருக்குவது யார்? துடைப்பது யார்? நாம்தானே! ஆனால் என்ன தரை போடுவது என்று முடிவு செய்கிறவர்கள் மட்டும் பெரும்பாலும் வீட்டு ஆண்களும் மேஸ்திரியும்தான்.

எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணம் என் மாமியார்.

அத்தைக்கு வயது 72. திருச்சியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் டைல்ஸ் தரை. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில், வாசலிலிருந்து யார் காலோடோ வந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, மாதக் கணக்கில் படுத்து எழுந்தார். அன்றிலிருந்து கையில் தடி. “இன்னொரு தடவை விழாம பார்த்துக்கங்கம்மா. அதுதான் இவங்களுக்கு மருந்து” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். போதாததற்கு என் பெண் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தாள். ஒரு பக்கம் தடி ஊன்றி நடக்கிறவர், இன்னொரு பக்கம் நடை பழகுகிற குழந்தை. இந்த நிலையில்தான் சொந்தமாக ஒரு சின்ன வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

என் கணவருக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் மேல் ஆசை. “கறை படியாது, கீறல் விழாது, துடைச்சா போதும்” என்றார். அவர் சொன்னது தப்பில்லை. அந்த டைல்ஸ் அதிக சூட்டில் சுட்டு எடுக்கப்படுவது. அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதனால்தான் கறை உள்ளே இறங்குவதில்லை. ஆனால் அவர் காட்டிய மாதிரி எல்லாமே கண்ணாடி மாதிரி பளபளப்பு. அத்தை அதைப் பார்த்ததுமே தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சின்ன வயசுல காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேம்மா. அந்த வீட்டுத் தரை இன்னும் என் காலுலயே இருக்கு. ஒரு நடை கூட்டிக்கிட்டுப் போறியா?” என்றார்.

குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி காரைக்குடி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து அத்தையின் காலுக்காக ஒரு வாடகைக் கார்.

ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற ஒரு கிராமம். நகரத்தார் கட்டிய பெரிய பெரிய வீடுகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வியாபாரம் செய்து சம்பாதித்ததை அவர்கள் ஊரில் வீடாக நிறுத்தினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள் என்று கப்பலில் வந்திறங்கிய சாமான்களுக்கு நடுவே, தரைக்கு மட்டும் சொந்த ஊர் மண்ணில் செய்த கல்லும் இடம் பிடித்தது. அதுதான் ஆத்தங்குடிக் கல். செட்டிநாட்டுக் கிராமங்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

‘பெரிய வீடு’ என்று சொல்கிற வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். சினிமாப் படப்பிடிப்பெல்லாம் நடந்த வீடு அது. நான் மேல்விதானத்து மர வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை அண்ணாந்தே பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தடியை ஊன்றி, வளவை ஒட்டிய நடையில் நிதானமாக நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

“வெளியில வெயில் கொளுத்துது. இங்க பாரு, காலு சில்லுனு இருக்கு. ஆனா ஜில்லிட்டுப் போகலை” என்றார்.

அங்கிருந்து கல் செய்கிற பட்டறைக்குப் போனோம். சூளை கிடையாது, கரண்ட் மிஷின் கிடையாது. ஒரு கொட்டகை, மேஜைகள், கண்ணாடித் துண்டுகள், வண்ணம் கரைத்த கிண்ணங்கள். அவ்வளவுதான்.

முதலில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலை செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமென்ட்டில் கரைத்த வண்ணத்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஒரு அறையில், மஞ்சள் ஒரு அறையில், பச்சை ஒரு அறையில். நாம் தோசைக்கு மாவு ஊற்றுகிற லாகவம்தான்! அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவுகிறார்கள். அது வண்ணத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு மேலே ஈரக் கலவையைப் போட்டு, கரண்டியால் மட்டம் தட்டி, சட்டத்தைக் கழற்றுகிறார்கள். இறுகியதும் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவிட்டு எடுத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடி தனியே வந்துவிடுகிறது. கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே தங்கிவிடுகிறது. மெருகு போடுகிற வேலையே இல்லை.

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த சிமென்ட் டைல்ஸுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. அங்கே அழுத்துவதற்கு இயந்திரம் உண்டு. இங்கே கைதான் எல்லாம்.

தொட்டியிலிருந்து கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களுக்கு முக்காலி போட்டார். அவர் விரல் நுனிகளில் தோல் வெடித்திருந்தது. “சிமென்ட்டு தின்னுடும்க்கா. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுத்தான் படுக்கணும்” என்று சிரித்தார். சிமென்ட்டின் காரம் தோலைத் தின்னும் என்பது உண்மைதான். வீட்டில் சின்ன ஒட்டு வேலைக்குச் சிமென்ட் குழைக்கிறவர்கள்கூட ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

“இப்ப வேலை எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் கம்பெனி டைல்ஸுக்குப் போயிட்டாங்கன்னு கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கிட்டு இருந்தோம். இப்பத் திரும்பக் கேட்டு வர்றாங்க. என் மகதான் இந்த வேலை வேணாம்னு படிக்கப் போயிட்டா” என்றார். அதில் வருத்தம் அதிகமா, பெருமை அதிகமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தை வந்த காரியத்தை மறக்கவில்லை. பட்டறைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கக் கேட்கிறார் என்று அவர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அதைப் பதித்துக் காட்டியிருந்த கல் மேல் கொட்டிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்!

“ஈரத்துல இதுவும் வழுக்கத்தாம்பா செய்யுது” என்றார்.

பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. “உண்மைதாங்க பெரியம்மா. குளிக்கிற அறைக்கு இதைப் போடாதீங்க. வெயிலும் மழையும் நேரா விழுற இடத்துக்கும் வேணாம். கூடம், பூஜை அறை, படுக்கிற அறைன்னா தலைமுறைக்கும் நிக்கும்” என்றார்.

விற்கிறவரே ‘இந்த இடத்துக்கு வேண்டாம்’ என்று சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அத்தையும் நானும் முடிவு செய்துவிட்டோம். கூடத்துக்கும் பூஜை அறைக்கும் அத்தையின் அறைக்கும் ஆத்தங்குடிக் கல். சமையலறைக்குப் பளபளப்பில்லாத மேட் டைல்ஸ். புளித் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சிந்துகிற இடத்துக்குச் சிமென்ட் கல் ஒத்துவராது. குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், தண்ணீர் தேங்காதபடி வாட்டம், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர், “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்கன்னா நான் என்ன சொல்றது?” என்று சிரித்துவிட்டார்.

ஆத்தங்குடிக் கல் போட நினைக்கிற சகோதரிகளுக்கு, நாங்கள் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

கணக்கு: 10 அங்குலக் கல்லானால் 100 சதுர அடிக்கு 144 கற்கள். 8 அங்குலமானால் 225. 12-க்கு 10 அடி அறைக்கு 10 அங்குலக் கல் 173 வேண்டும். உடைவதற்கும் ஓரத்தில் வெட்டுவதற்கும் பத்து சதவீதம் சேர்த்து 190 ஆக வாங்குங்கள். கையால் செய்வதால் ஒரு தடவை செய்த நிறம் மறு தடவை அச்சாக வராது. ஆகவே மொத்தமாக ஒரே தடவையில் வாங்கி, மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

பார்த்து வாங்க: முனை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கற்களை முகத்தோடு முகம் வைத்தால் நடுவில் இடைவெளி தெரியக் கூடாது. நன்றாக ஊறி உலர்ந்த கல்லா என்று கேட்டு வாங்குங்கள்.

பதிக்க: பழக்கப்பட்ட ஆளாகப் பாருங்கள். அந்த ஊரிலிருந்தே பதிக்கவும் ஆட்கள் வருகிறார்கள். கற்களை நெருக்கிப் பதித்து, மரச் சுத்தியால்தான் தட்ட வேண்டும். மேலே சிந்துகிற பால் சிமென்ட்டை அப்போதே துடைத்துவிட வேண்டும். காய்ந்தபின் சுரண்டினால் பூவும் சேர்ந்து போகும். மெருகு மிஷின் வைக்கவே கூடாது. வண்ணம் மேலே மெல்லிய அடுக்காகத்தான் இருக்கிறது.

ஆசிட் வேண்டாம்: வேலை முடிந்ததும் ‘ஆசிட் ஊத்திக் கழுவிடலாம்மா’ என்பார்கள். சம்மதிக்காதீர்கள். ஆசிட் சிமென்ட்டை அரித்துவிடும். மொசைக், மார்பிள் தரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தத் தரையானாலும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தினசரி: பெருக்கிவிட்டு, பிழிந்த துணியால் வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். வாரம் ஒரு தடவை காரமில்லாத சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். மஞ்சள், எண்ணெய், புளி சிந்தினால் உடனே துடையுங்கள். புதுத் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். துடைக்கத் துடைக்கக் குறையும். துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவது பழைய வழக்கம், மெருகு ஏறும். ஆனால் வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது. நடக்க நடக்க அந்த மெருகு தானாகவே வரும்.

விழாமலிருக்க: எந்தத் தரையும் ஈரத்தில் வழுக்கும். துடைத்த பிறகு ஃபேனைப் போட்டு உலரவிட்டு அப்புறம் பெரியவர்களை நடக்க விடுங்கள். வாசலில் கால் துடைக்கும் மிதியடி நகராமல் இருக்கட்டும். இரவில் பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

புது வீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதமாகிறது. கூடத்துச் சிவப்புப் பூக்களின் மேல் என் பெண் தத்தித் தத்தி நடக்கிறாள். பூவுக்குப் பூ கால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு அத்தை ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கூடத்தில் மட்டும் அத்தை இப்போது தடியை ஊன்றுவதில்லை, கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார். குளியலறைக்குப் போகும்போது ஊன்றிக்கொள்கிறார். எங்கே ஊன்ற வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“அழகைக் கண்ணு பார்த்துக்கும்மா. தரையைக் காலுதான் பார்க்கணும்” என்பார் அத்தை. தரை தேர்ந்தெடுக்கப் போகும்போது வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் கேளுங்கள்!